வீட்டைக் காலிசெய்வது உதவியா?

1947 மார்ச் 21 அன்று, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஐந்தாம் அவென்யூவில் இருந்த ஒரு பழைய வீட்டுக்குள் போலீசார் நுழையப் பார்த்தார்கள். வாசல் வழியாகப் போக முடியவில்லை. கதவுக்குப் பின்னால் செய்தித்தாள் கட்டுகளும் உடைந்த சாமான்களும் கூரைவரை அடைத்துக்கொண்டிருந்தன. மாடி ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியவர்கள் ஹோமர் கோலியரின் உடலைக் கண்டார்கள். பார்வை இழந்து, கைகால் முடங்கி இருந்த அவர் பட்டினியாலும் இதய நோயாலும் இறந்திருந்தார். உடனிருந்து பார்த்துக்கொண்ட தம்பி லாங்லியைக் காணவில்லை. போலீசார் அவரைப் பல ஊர்களில் தேடினார்கள். ஏப்ரல் 8 அன்று, அண்ணன் கிடந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், சரிந்த குவியலின் அடியில் அவர் உடல் கிடைத்தது. திருடர்களுக்குப் பயந்து அவரே வைத்திருந்த பொறிதான் அவர்மேல் விழுந்திருந்தது. அந்த வீட்டிலிருந்து அகற்றிய பொருள்களின் எடை 120 டன்னுக்கும் மேல். பியானோக்கள் மட்டும் 14.

இந்த எண்களோடு கதையை முடித்துவிடுவது அந்தச் சகோதரர்களுக்குச் செய்யும் அநியாயம். ஹோமர் சட்டம் படித்தவர், லாங்லி பியானோ வாசிப்பவர். 1933இல் அண்ணனுக்குக் கண் பார்வை போனது. வாரத்துக்கு நூறு ஆரஞ்சுப் பழம் கொடுத்தால் பார்வை திரும்பிவிடும் என்று தம்பி நம்பினார். திரும்பியதும் அண்ணன் படிக்கவேண்டுமே என்று செய்தித்தாள்களை எடுத்துவைத்தார். 1942இல் கடன் பாக்கிக்காக வங்கி அந்த வீட்டைக் காலிசெய்ய வந்தபோது, 6,700 டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். கடன் வசூலிக்க ஆள் வந்தது, வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. 'உங்களுக்கு என்ன செய்யட்டும்?' என்று கேட்கத்தான் யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

இப்படிப் பொருள்களைத் தூக்கிப்போட முடியாமல் குவித்துவைப்பதற்கு அன்றைய மருத்துவத்திலும் ஒரு பெயர் இருக்கவில்லை. 1990களில் ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெக்கெட்டி போன்ற உளவியல் ஆய்வாளர்கள் இதை முறையாக ஆராய்ந்தார்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது. பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இடம்பெற்றது. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கக்கூடிய கோளாறு இது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தலைகாட்டி, வயது ஏற ஏற முற்றுகிறது.

பாட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி எடுத்துவைப்பது நோயல்ல, சிக்கனம். தபால்தலை சேர்ப்பவரும் நோயாளி அல்ல. கட்டிலில் படுக்க முடியாமல், அடுப்படியில் சமைக்க முடியாமல், எதையும் வெளியே போட நினைத்தாலே நெஞ்சு பதறி, அதனால் வாழ்க்கையே முடங்கும்போதுதான் மருத்துவம் அதை நோய் என்கிறது.

அந்தப் பதற்றம் பொய்யல்ல. டேவிட் டோலினும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அவர்களுடைய பழைய காகிதங்களையும் பிறருடைய காகிதங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, 'வைக்கவா, கிழிக்கவா?' என்று கேட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். பிறருடைய காகிதத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது மந்தமாக இருந்த மூளைப் பகுதிகள், தங்கள் காகிதம் என்றதும் அளவுக்கு மீறிக் கொதித்தெழுந்தன. 'ஒரு பழைய பில்லைத் தூக்கிப்போட இவ்வளவு யோசனையா?' என்று எரிச்சல்படும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, பழைய பேப்பர்க்காரரை வரவழைத்து எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் திரும்பி வருபவருக்கு அது கொள்ளை போன வீடு. பிள்ளைகள்மீது இருந்த நம்பிக்கை போய்விடும், வீடு மறுபடியும் நிறையும், அடுத்தமுறை அவர் யாரையும் உள்ளே விடமாட்டார்.

அதற்காகக் கண்டும் காணாமல் இருக்கவும் முடியாது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் தீயணைப்புத் துறையினர் பத்தாண்டுக் கணக்கைப் பார்த்தபோது, வீட்டுத் தீவிபத்துகளில் கால் சதவீதம் மட்டுமே நடந்த இத்தகைய வீடுகளில்தான், தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் நேர்ந்திருந்தது தெரிந்தது. ஆகவே பாதுகாப்பில் தொடங்குவதே சரி. அடுப்பைச் சுற்றி இடம், கட்டிலிலிருந்து வாசல்வரை ஒரு வழி, இவ்வளவுதான் முதல் இலக்கு. 'இந்தக் குப்பையை என்றைக்குத்தான் ஒழிக்கப்போறீங்க?' என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். 'அப்பா, ராத்திரி பாத்ரூம் போறப்ப தடுக்கி விழுந்துடுவீங்களோன்னு பயமா இருக்கு' என்று சொன்னால் பேச்சு தொடரும். அவர் அனுமதி இல்லாமல் எதையும் தொடக்கூடாது. முடிவு அவருடையதாகவே இருக்க வேண்டும்.

ஃப்ராஸ்டும் ஸ்டெக்கெட்டியும் உருவாக்கிய சிகிச்சையும் இதே பாதையில்தான் போகிறது. சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். ஒவ்வொரு பொருளாக எடுத்து, ஏன் வேண்டும், போனால் என்ன ஆகும் என்று அவரோடு பேசுகிறார். கடைக்குக் கூட்டிப்போய், எதுவும் வாங்காமல் திரும்பும் பயிற்சியும் உண்டு. மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. பலருக்குக் குறைகிறது, முழுக்க மறைவது அபூர்வம். அந்தக் குறைவே ஒருவரை மறுபடி தன் கட்டிலில் படுக்கவைக்கும் என்றால், அது சிறிய வெற்றி அல்ல.

இதைவிடவும் நம்பிக்கை தருவது, மருத்துவரே இல்லாத குழுக்கள். இதே கோளாறு உள்ளவர்கள் ஒன்றுகூடி, ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு, வாரந்தோறும் சந்திக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 300க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சக மனிதர்கள் நடத்திய குழுக்கள், உளவியலாளர்கள் நடத்திய குழுக்களுக்குச் சளைக்காத பலன் தந்தன. பல ஆண்டுகளாக யாரையும் வீட்டுக்குள் அழைக்க வெட்கப்பட்ட ஒருவருக்கு, வெட்கப்படாமல் பேச ஓரிடம் கிடைப்பதே பாதி மருந்து என்று தோன்றுகிறது. நம் ஊர்களிலும் இப்படிப்பட்ட குழுக்கள் வரவேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் எந்நேரமும் மனநல ஆலோசனை கேட்கலாம். வீட்டுப் பெரியவர் வர மறுத்தால், குடும்பத்தினர் மட்டும் முதலில் பேசலாம். லாரிக்குச் சொல்லியனுப்பும் முன் அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.