நரம்பெண்ணி வழிபட்ட அடிகளார்



சந்நியாசிக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை? சுவாமி விபுலானந்தரைப் பற்றிப் பேசப் போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. காவி கட்டியவர் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருக்கலாமா என்கிறார்கள்.

மட்டக்களப்புச் சீமையின் காரைதீவில் 1892-ல் பிறந்தவர் அவர்; இயற்பெயர் மயில்வாகனம். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். அந்தப் பதவியை விட்டு 1922-ல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 சித்திரா பௌர்ணமியன்று, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடர் சுவாமி சிவானந்தர் அவருக்குத் துறவு அளித்தார்.

எதைத் துறந்தார்? சம்பளத்தையும் 'நான், எனது' என்பதையும் துறந்தார். கற்பிப்பதை விடவில்லை. கல்லடி உப்போடையில் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானபோது, பக்கத்துத் திருவேட்களத்தில் ஆதிதிராவிட மக்கள் குடியிருப்புக்குப் போய்த் தொண்டு செய்தார். அந்தக் காலத்தில், சிதம்பரத்தை ஒட்டிய ஊரில், அது எவ்வளவு பெரிய காரியம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டவரும் குடிசையில் இருந்தவரும் அவருக்கு ஒரே சிவம்.

இனி யாழுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் யாழிசையைப் பற்றியும் பேசும் அரங்கேற்று காதை அவரைப் பிடித்துக்கொண்டது. பழந்தமிழரின் நரம்புக் கருவியான யாழோ வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வாசித்துக் காட்ட ஆளில்லை. இருந்தவை செய்யுளும் பழைய உரையும்தான். விஞ்ஞானம் படித்தவர் அல்லவா? சுரங்களின் அலகுகளைக் கணக்கிட்டார். நரம்புகளின் நீளத்தை எண்ணால் நிறுவினார். தேவாரப் பண்களோடு ஒத்துப் பார்த்தார். ஏறக்குறைய 14 ஆண்டுகள்! இடையில் இமயத்து மாயாவதியில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியப் பணி, 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பணி, உடம்பை வாட்டிய நோய். கணக்கு மட்டும் நிற்கவில்லை. நாம் மணி மணியாக மாலை உருட்டுகிறோம். அவர் நரம்பு நரம்பாக எண்ணினார். இரண்டும் ஜபம்தான் ஐயா.

அந்த ஆராய்ச்சியின் பயனான 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. வெள்ளம் புரண்ட ஆற்றில், ஓடக்காரர் இல்லாமல், பதிகம் பாடியே ஞானசம்பந்தப் பிள்ளையார் ஓடம் செலுத்திய தலம் திருக்கொள்ளம்பூதூர். பிள்ளையாரின் பாட்டுக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அந்த யாழைப் பற்றிய நூலை வேறெங்கே வைத்து அரங்கேற்றுவது? பட்டமளிப்பு மண்டபத்தைக் காட்டிலும் அந்தச் சந்நிதிதான் பொருத்தம் என்பது என் எண்ணம். விபுலானந்த அடிகளார் ஆராய்ந்து அமைத்த இசைக்கருவிகளை ஏந்தி ஊர்வலம் வந்தார்கள். எழுதியவரோ உடல் தளர்ந்திருந்தார். ஜூலை 19-ல் இறைவனடி சேர்ந்தார்.

அடிகளாரின் படத்துக்கு மாலை போட்டோம், நல்லது. அந்த நூல் இன்னும் பல நூலகங்களில் பிரிக்கப்படாமல் இருக்கிறது. இங்கே கணக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள், தேவாரம் பாடுகிற பிள்ளைகளும் இருக்கிறீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படியுங்கள். ஒருவருக்கு விளங்காததை மற்றவர் சொல்லிக்கொடுங்கள்.