கண் கிளினிக்கும் லைசன்ஸும்

எங்கள் பக்கத்தில் கண் கிளினிக்குக்குப் போகப் பின்னடிக்கிறவர்களில் பலர் வண்டி ஓடிப் பிழைக்கிறவர்கள். ஓட்டோ ஓடுகிறவர்கள், பட்டாவில் மீன் ஏற்றுகிறவர்கள், உழவு இயந்திரம் வைத்திருக்கிறவர்கள். கண்ணில் ஏதோ சரியில்லை என்பது அவர்களுக்கே தெரியும். "போனால் ஏதாவது சொல்லி லைசன்ஸைக் கெடுத்துப்போடுவாங்கள்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் வந்தது. இரண்டு கண்ணிலும் குளுக்கோமா தொடங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது, கண் தெரியாமல் போகுமா என்று கேட்க முதல் நான் கேட்டது, "டொக்டர், நான் வண்டி ஓடலாமோ?" என்பதைத்தான்.

அப்படிக் கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் நாயாற்றிலிருந்து முல்லைத்தீவு நகரம் ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். மாஞ்சோலை ஆஸ்பத்திரி, கச்சேரி, வங்கி எல்லாம் அந்தப் பக்கம். தெற்கே கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் சனத்துக்குத் தூரம் இன்னும் கூட. பஸ் இருக்கிறது. ஆனால் பஸ் நேரம் பார்த்து நெஞ்சுவலி வருவதில்லை, வலையும் கரையேறுவதில்லை. 1984 இல் இந்த ஊர்களை விட்டு விரட்டப்பட்ட சனம் போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. வந்தவர்களில் வயது போனவர்கள் அதிகம், பிள்ளைகள் வெளியில். அந்த வீடுகளில் ஒரு மோட்டார் சைக்கிளும் அதை ஓட ஒருவரும் இருந்தால்தான் மருந்தும் அரிசியும் வாசலுக்கு வரும். கண் சரியில்லாவிட்டால் ஓடாதே என்று தூர இருந்து சொல்லலாம். இங்கே இருந்து கேட்கிறவனுக்கு அது, வீட்டிலேயே கிட என்று சொல்வதுபோல் இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு ஓடலாமா? குளுக்கோமாவில் அதற்கு இடமே இல்லை. ஏனென்றால், மறைக்கிறவனுக்கே எதை மறைக்கிறான் என்று தெரியாது.

நம்மிடையே அதிகம் காணும் குளுக்கோமா நோகாது, கண் சிவக்காது. பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பின்னாலிருக்கும் பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சேதமாகிறது. அழுத்தம் 10 முதல் 21 வரை இருந்தால் சாதாரணம் என்பார்கள். சிலருக்கு அந்த எல்லைக்குள் இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. முதலில் போவது பக்கப் பார்வை. நேரே பார்க்கும் பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். பத்திரிகை வாசிக்கலாம், வலைக்கண்ணில் அறுந்த நூலைப் பொத்தலாம், எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைத் தூரத்திலேயே சொல்லலாம். லைசன்ஸுக்கு மருத்துவச் சான்றிதழ் எடுக்கப் போகிற இடத்தில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பலகை அளப்பது நேர்ப்பார்வையை. எனக்கு அதில் கீழ்வரி வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது. சின்ன வாகனத்துக்கு லைசன்ஸ் 8 வருடம், கனரக வாகனத்துக்கு 4 வருடம். மருந்து விடாத குளுக்கோமா 8 வருடத்தில் எவ்வளவோ தூரம் போய்விடும். லைசன்ஸோ அட்டையிலுள்ள திகதி வரைக்கும் செல்லுபடியாகும்.

உண்மையைக் காட்டுவது வேறொரு பரிசோதனை. ஒரு கண்ணை மூடிக் கட்டி, நாடியை ஒரு தாங்கியில் வைத்து, வெள்ளையான குழிந்த திரையின் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். திரையின் எங்காவது ஒரு மூலையில் சின்ன ஒளிப்பொட்டு மின்னும். கண்டவுடன் கையிலிருக்கும் பொத்தானை அமத்த வேண்டும். எனக்கு எல்லாப் பொட்டும் தெரிந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இயந்திரம் தந்த தாளில் ஒரு மூலை கறுத்திருந்தது. அந்த இடத்தில் மின்னிய பொட்டுகள் மின்னியதே எனக்குத் தெரியாது. பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியும் என்று நாங்கள் நினைக்கிறோம், அப்படி இல்லை. சுற்றியுள்ள நிறத்தை எடுத்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. தெருவோரத்தில் மாடு நிற்கும் இடத்தில் பற்றையும் மணலும் மட்டும் தெரியும்.

மாடு என்று சும்மா சொல்லவில்லை. முல்லைத்தீவு - கொக்கிளாய் வீதியில் ஓடுகிறவர்களுக்கு அது விளங்கும். பொழுது பட்டால் மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுக்கும், எருமை குறுக்கே கடக்கும், சைக்கிளில் லைட் இல்லாமல் ஆட்கள் வருவார்கள். 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீற்றருக்கு மேல் தாண்டிவிடும். நாயாற்றுப் பாலத்துக்குக் கிட்ட நீர்ப்பரப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்; அங்கிருந்து மரநிழலுக்குள் நுழைந்தால் குளுக்கோமாக் கண் பழகச் சுணங்கும். அண்மைக்காலமாக எல்லாம் திடீர் திடீரென்று குறுக்கே வருவதாகத் தோன்றுகிறதா? அப்படியானால் மாட்டில் பிழை தேடாமல் கண்ணைக் காட்டுங்கள்.

போரில் ஷெல் துண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தவர்கள் வன்னியில் எத்தனையோ பேர். அவர்களில் நிதானமாக வண்டி ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் தெரியாது என்பது அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் பக்கம் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சந்தியில் இறங்குவார்கள். இரண்டு கண்ணும் நல்லது என்று நம்பிக்கொண்டு போகும் குளுக்கோமாக்காரனைவிட அவர்களோடு போவது பயமில்லை என்பது என் எண்ணம்.

லண்டனிலிருக்கும் மருமகனோடு இதைப் பற்றிக் கதைத்தேன். "மாமா, இங்க ரெண்டு கண்ணிலும் குளுக்கோமா எண்டால் அறிவிக்க வேணும், இல்லையெண்டால் குற்றம்" என்றான். அறிவித்ததும் லைசன்ஸைப் பறித்துவிடுவதில்லை. பக்கப் பார்வையைப் பரிசோதிக்கிறார்கள். இரு கண்ணும் சேர்ந்து குறுக்கே 120 பாகை தெரிந்து, நடுப்பகுதியில் பெரிய பழுதில்லை என்றால் கார் ஓடலாம். அந்த நாட்டுக்கும் இந்த விடயத்தில் பாடம் சும்மா கிடைக்கவில்லை. 2011 இல் கொல்செஸ்டர் நகரில் காஸி மக்கோர்ட் என்ற 16 வயதுப் பிள்ளை, 87 வயது முதியவர் ஓடிய கார் மோதி இறந்தாள். சில நாட்களுக்கு முன்தான் பொலிஸார் அவருடைய பார்வையைப் பரிசோதித்திருந்தார்கள். அதில் அவர் தேறவில்லை. லைசன்ஸைத் தாருங்கள் என்று கேட்டும் அவர் கொடுக்கவில்லை. அந்த இடத்திலேயே அதை நிறுத்த அன்று வழியும் இருக்கவில்லை. காஸியின் தாய் விடாமல் போராடினார். 2013 முதல் பொலிஸார் அறிவித்தால் சில மணி நேரத்துக்குள்ளேயே லைசன்ஸை இரத்துச் செய்யலாம். அந்த ஏற்பாட்டை இன்றும் காஸியின் பெயரால்தான் அழைக்கிறார்கள். அந்த முதியவர் கெட்டவராக இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கடைக்குப் போய்வரக் கார் வேண்டியிருந்த ஒரு மனிதர். என்னைப்போல.

நான் லைசன்ஸை வைத்திருக்கிறேன். டொக்டரிடம் ஒளிக்காமல், எந்த வீதியில், எந்த நேரத்தில், என்ன ஓடுகிறேன் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன். இரவு ஓட்டத்தை விட்டாயிற்று. மழை இருட்டில் வெளிக்கிடுவதில்லை. பின்னால் ஆளை ஏற்றுவதில்லை. பக்கப் பார்வைப் பரிசோதனையைக் காலத்துக்குக் காலம் செய்கிறேன். தாளில் கறுப்பு நடுவை நோக்கி வரத் தொடங்கினால் வண்டித் திறப்பை மகளிடம் கொடுப்பது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். அந்த நாளைத் தீர்மானிக்கும் பொறுப்பை என்னிடம் மட்டும் விட வேண்டாம் என்று மகளிடமும் சொல்லியிருக்கிறேன். ஆசை உள்ளவன் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்வது சரிவராது.

போன பார்வையை எந்த மருந்தும் திருப்பித் தராது. ஆனால் நேரத்துக்குக் கண்டுபிடித்து ஒழுங்காகச் சொட்டுமருந்து விட்டால், பெரும்பாலானவர்களுக்கு மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம். ஆகவே லைசன்ஸ் போய்விடும் என்று கிளினிக்கைத் தவிர்க்கிறவர், லைசன்ஸைக் காப்பாற்றக்கூடிய ஒரே வழியைத்தான் தவிர்க்கிறார். அதிகாரிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். எழுத்துப் பலகையோடு பக்கப் பார்வையையும் பாருங்கள். வண்டியை விட்டவர் வீட்டுக்குள் முடங்காதபடி இந்த வீதிக்கு நேரத்துக்கு வரும் பஸ்ஸைத் தாருங்கள். பஸ் ஒழுங்காக ஓடினால் பலர் தாமாகவே திறப்பைக் கீழே வைப்பார்கள்.

நாற்பது வயது தாண்டியவர்கள், முக்கியமாகத் தாய் தகப்பன் சகோதரங்களில் யாருக்காவது குளுக்கோமா இருந்தவர்கள், கண் அழுத்தத்தையும் நரம்பையும் ஒருமுறை பார்ப்பியுங்கள். வண்டி ஓடுகிறவர் என்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். போகும்போது கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்பாவை விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், அன்று திரும்பி வரும்போது வண்டியை அவர்தான் ஓட வேண்டும்.