பொருட்கவலை நீங்கிய பின்

‘பணக்கவலை மட்டும் இல்லாதிருந்தால்...’ என்று தொடங்கும் வாக்கியத்தை ஒருமுறையேனும் சொல்லாத இல்லறத்தார் அரிது. அதை முடிக்கும் விதம்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் காசிக்கும் பத்ரிநாத்துக்கும் சென்று வருவேன் என்கிறார். மற்றொருவர் வேலையை விட்டுவிட்டுச் சமஸ்கிருதம் கற்பேன், கீதையை முறையாகப் பாடம் கேட்பேன் என்கிறார். இளமையில் வீணையை நிறுத்திவிட்ட பெண்மணி அதை மீண்டும் கையில் எடுக்கப் போவதாகச் சொல்கிறார். ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவேன் என்பவர்களும் உண்டு. எல்லாம் நல்ல விருப்பங்களே. ஆயினும் பெண்ணின் திருமணம் முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும், ஓய்வூதியம் வரட்டும் என்று அவை தள்ளிக்கொண்டே போகின்றன. மூன்றும் நடந்தேறிய பிறகும் பலருடைய இல்லங்களில் வீணையின் உறை கழற்றப்படுவதில்லை. ஏன்?

உபநிஷதம் இதைக் கற்பனைக் கேள்வியாக எழுப்பவில்லை. பொருள் உண்மையாகவே கைக்கு எட்டிவந்த ஒரு நாளில், ஒரு பெண்மணியின் வாயிலாக எழுப்புகிறது.

மைத்ரேயி கேட்டது

யாக்ஞவல்கியர் செல்வத்தை அறியாத முனிவர் அல்லர். ஜனகரின் யாகத்தில் ஆயிரம் பசுக்கள், ஒவ்வொன்றின் கொம்புகளிலும் பொன் கட்டப்பட்டு, பிரம்மத்தை நன்கு அறிந்தவருக்கென நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. கூடியிருந்த அறிஞர்கள் தயங்கி நிற்க, அவர் வாதம் தொடங்குமுன்பே தம் சீடனிடம் பசுக்களை ஓட்டிச் செல்லும்படி கூறினார். நீர்தாம் சிறந்த ஞானியோ என்று ஒருவர் சீற்றத்துடன் கேட்டபோது, சிறந்த ஞானிக்கு வணக்கம், எமக்கு வேண்டியது பசுக்கள் என்ற பொருளில் விடையளித்தார். பெரியோரின் இந்த நகைச்சுவையை மனத்தில் கொண்டே, அவர் இல்லம் துறந்த நிகழ்ச்சியைப் படிக்க வேண்டும். பொருளைச் சம்பாதிக்கத் தெரியாதவரின் துறவு அன்று அது.

பிருகதாரண்யக உபநிஷதம் அந்த நிகழ்ச்சியை இருமுறை சொல்கிறது. அவருக்கு மைத்ரேயி, காத்யாயனி என்று இரு மனைவியர். இல்லறத்திலிருந்து விலக முடிவு செய்த முனிவர், இருவருக்கும் சொத்தை முறையாகப் பங்கிட்டுக் கொடுக்க விரும்புவதாக மைத்ரேயியிடம் தெரிவிக்கிறார். துறவுக்குப் புறப்படுபவர் முதலில் பாகப்பிரிவினையை முடிக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. தம்மை நம்பியிருப்போரின் உணவையும் உடையையும் விதியின் மேல் போட்டுவிட்டு நடப்பதை உபநிஷதம் துறவாகக் காட்டவில்லை.

அப்போது மைத்ரேயி ஒரு கேள்வி கேட்கிறாள். தன் பங்கு எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. இந்தப் பூமி முழுவதும் செல்வத்தால் நிறைந்து, அது முழுவதும் தனக்கே உரியதானாலும், அதனால் தான் மரணமற்ற நிலையை அடைவேனா என்று கேட்கிறாள். ஒரு வீட்டின் பாதிச் சொத்தைக் கையில் கொடுத்தபோது, உலகின் முழுச் சொத்தையும் கற்பனையில் பெற்றுக்கொண்டு, அதன் கோடிவரை சென்று பார்த்துவிட்டுத் திரும்புகிறது அவள் அறிவு.

முனிவரின் விடை நேர்மையானது. செல்வம் இழிந்தது என்றோ, அது வந்தால் துன்பமே மிஞ்சும் என்றோ அவர் அச்சுறுத்தவில்லை. வசதி படைத்தோர் எப்படி வாழ்கிறார்களோ அப்படியே உன் வாழ்வும் இருக்கும், ஆனால் அதைக் கொண்டு அமரத்துவத்தை எதிர்பார்க்க இடமில்லை என்கிறார். வசதி படைத்தோர் என்பதற்கு உபநிஷதம் ஆளும் சொல், உபகரணங்களை உடையவர்கள் என்பது. உபகரணம் என்றால் கருவி. உளியைக் கையில் கொடுத்தால் சிலையைச் செதுக்கலாம். எந்தச் சிலை என்பதை உளி சொல்லாது. பணக்கவலை நீங்கினால் வாழ்வு தானே தெளிந்துவிடும் என்று எண்ணுகிறவர், உளியிடம் சிலையின் வடிவத்தைக் கேட்கிறார்.

காத்யாயனியைப் பற்றி ஒரு சொல். சொற்பொழிவுகளில் அவளை உலகாசை மிக்கவளாகச் சித்திரித்து, மைத்ரேயிக்கு எதிரே நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. மூலத்தில் அவள் மேல் ஒரு பழிச்சொல்லும் இல்லை. இல்லத்துப் பெண்டிர்க்கு உரிய அறிவுடையவள் என்று மட்டுமே கூறப்படுகிறாள். இல்லத்தை நடத்த ஒருவர் வேண்டும். அவருக்குப் பொருளும் வேண்டும். முனிவர் அவளுக்குரிய பங்கை மனக்குறையின்றி விட்டுச் செல்கிறார்.

கவலை நீங்காதவரின் விடை

பணம் உள்ளவருக்கு இத்தகைய விசாரணை எளிது, நாளைய அரிசிக்கு வழியில்லாதவர் என்ன செய்வார் என்ற மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பே. 1884 பிப்ரவரியில் தந்தை விசுவநாத தத்தர் காலமானபோது, பின்னாளில் சுவாமி விவேகானந்தராகிய நரேந்திரரின் குடும்பம் கடனில் மூழ்கியது. வீட்டைக் குறித்து உறவினர்களுடன் வழக்கு வேறு. படித்த இளைஞர் வேலை தேடிக் கல்கத்தாத் தெருக்களில் அலைந்தார். தாயும் உடன்பிறந்தோரும் உண்ணட்டும் என்று, வெளியே விருந்துக்கு அழைப்பு இருப்பதாகச் சொல்லிப் பட்டினியாகவே வெளியேறிய நாட்களும் உண்டு.

அந்நிலையில் ஸ்ரீராமகிருஷ்ணர் அவரைக் காளியின் சந்நிதிக்கு அனுப்பி, வேண்டியதைக் கேள் என்றார். மும்முறை சென்றும் நரேந்திரரின் நாவில் பணம் என்ற சொல் எழவில்லை. விவேகமும் வைராக்கியமும் ஞானமும் பக்தியுமே அவர் வேண்டியவை. இறுதியில், குடும்பத்துக்கு எளிய உணவும் உடையும் குறைவுபடா என்ற உறுதியை மட்டும் குருதேவர் அளித்தார்.

இந்நிகழ்ச்சியை இத்துடன் நிறுத்துவது பலருக்கும் வழக்கம். அதன் தொடர்ச்சி இன்னும் பயனுள்ளது. உலகப் புகழ் பெற்ற பின்னும் சுவாமிஜி தம் அன்னையின் செலவுக்கான ஏற்பாட்டை மறக்கவில்லை. கேத்ரி மன்னர் அஜித் சிங் மாதந்தோறும் அனுப்பிவந்த நூறு ரூபாய், அன்னையின் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டுமென்று 1898 இறுதியில் அவர் மன்னருக்கு எழுதினார். கவலை தீரட்டும், பிறகு இறைவனை நாடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இறைவனை நாடிவிட்டோம், இனி அன்னையின் அரிசி எவர் பொறுப்போ என்று கைகழுவவும் இல்லை.

வார்தாவின் செல்வந்தர்

மறுகோடியில், இக்கேள்வி கற்பனையாக இல்லாமல் அன்றாட உண்மையாகவே அமைந்த ஒருவரின் வாழ்வைப் பார்க்கலாம். ஜம்னாலால் பஜாஜ் 1889-இல் ராஜஸ்தானத்தின் சீகர் அருகே ஒரு சிற்றூரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே வார்தாவின் பெருஞ்செல்வரான சேட் பச்ராஜ் குடும்பத்துக்குப் பேரனாகத் தத்துக் கொடுக்கப்பட்டார். பதினேழு வயதில், திருமணம் ஒன்றுக்கு நகைகளை அணிந்து வர மறுத்ததால் பாட்டனார் கடுஞ்சொல் கூறினார். இளைஞர் மறுமொழி பேசவில்லை. தமக்கு அச்சொத்தில் எவ்வித உரிமையும் வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டு வெளியேறினார். முதியவர் வருந்தி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஜம்னாலால் திரும்பி வந்தார். வியாபாரத்தைப் பெருக்கவும் செய்தார். ஆனால் ஒருமுறை மனத்தால் விட்ட சொத்தை மீண்டும் ‘என்னுடையது’ என்று அவர் பற்றிக்கொண்டதில்லை. செல்வர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தா மட்டுமே என்ற மகாத்மா காந்தியின் கொள்கைக்கு, அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது கடினம்.

பணக்கவலை அற்ற அந்த மனிதர் தம் வாழ்வை எப்படிச் செலவிட்டார்? 1920-இல் தம்மை ஐந்தாவது மகனாக ஏற்கும்படி காந்தியடிகளை வேண்டினார். மறு ஆண்டு, ஆங்கில அரசு தந்த ராய் பகதூர் பட்டத்தைத் துறந்தார். அவ்வாண்டிலேயே அவரது வேண்டுகோளின்படி வினோபா வார்தாவுக்கு வந்து ஆசிரமப் பொறுப்பை ஏற்றார். 1923-இல் நாகபுரிக் கொடிப் போராட்டத்தில் சிறை சென்றார். 1928-இல் தம் குடும்பத்தின் லட்சுமிநாராயணர் ஆலயத்தை, அதுவரை வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். நாட்டில் அத்தகைய செயல் பெரிதும் நிகழாத காலம் அது. சொந்தச் சமூகத்தினரின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பணம் கொடுத்து வாங்க முடியாத துணிவு அது.

இவ்வளவும் செய்தவருக்கு மனநிறைவு வந்துவிட்டதா? இங்கேதான் அவரது வாழ்வு சாதகர்களுக்கு உண்மையான பாடமாகிறது. 1938 ஆகஸ்டில் அவர் ராஜேந்திர பிரசாத்துடன் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் முன் அமர்ந்தார். கொடையைப் பற்றியோ அறக்கட்டளைகளைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. மனத்தை எப்போதும் நேர்வழியில் நிறுத்துவது எப்படி என்பதே அவரது கேள்வி. வார்தாவில் அவரது ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர்கள் பலர். அந்தச் சொல்லுக்கு அடங்காதது ஒன்று அவருக்குள்ளேயே இருந்தது.

மகரிஷியின் மறுமொழியின் சாரம் இது. பிராணிகளும் தம் சுற்றுப்புறத்தை அறிந்து அதற்கேற்ப நடக்கின்றன. மனிதனோ விருப்பங்கள் நிறைவேற வேண்டுமென்று பார்வையை வெகுதூரம் விரிக்கிறான். விரித்தும் நிறைவின்றியே திரும்புகிறான். அப்போதுதான் சிந்திக்கத் தொடங்குகிறான். நிலையான இன்பத்தை அவன் நாடுவதே, நிலைத்த தன்மை அவனுடைய இயல்பில் இருப்பதைக் காட்டுகிறது. ஆகவே அவன் தேட வேண்டியது தன் சொந்த இயல்பை. சுயராஜ்யத்தை விரும்புவது சரியா என்றும் ஜம்னாலால் கேட்டார். அத்தகைய விருப்பம் தன்னலத்தில் தொடங்கினாலும், அதற்காக உழைக்க உழைக்கப் பார்வை விரிந்து, தனிமனிதன் தேசத்துக்குள் கரைகிறான் என்று மகரிஷி விளக்கினார்.

இரண்டு விடைகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். தூய்மையான நோக்கம் வந்த பிறகுதான் தொண்டைத் தொடங்குவேன் என்று காத்திருப்பவருக்கு இரண்டாவது விடை. புகழாசையும் பொழுதுபோக்கும் கலந்திருந்தாலும் தொடங்கலாம். உழைப்பே அவற்றைக் கரைக்கும். எத்தனை தொண்டு செய்தும் உள்ளம் ஏன் வறண்டிருக்கிறது என்பவருக்கு முதல் விடை. இன்று பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளும் நல்ல நிலையில் இருக்க, காலை பத்து மணிக்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் செய்தித்தாளை மூன்றாம் முறை புரட்டுகிற அன்பர்கள் நாடெங்கும் உள்ளனர். அவர்கள் முப்பது ஆண்டுகளாக எதிர்பார்த்த நாள்தான் வந்திருக்கிறது. கீதையைப் பாடம் கேட்பதாகச் சொன்னவர், அலுவலகம் சென்ற காலத்தில் தினம் ஒரு சுலோகமேனும் படித்திருந்தால், அந்த நாள் வெறுமையாக வந்திராது. மனம் பழகாத ஒன்றை ஓய்வூதியம் பழக்கித் தராது. கவலையிலேயே பழகிய மனமோ, வங்கிக் கணக்கு நிறைந்த பிறகும் வட்டி விகிதத்தையும் உடல்நலத்தையும் பற்றிக் கவலைப்படும்.

கவலையுமின்றி இளமையும் கையிலிருந்தால் என்னவாகும் என்பதையும் மகாபாரதம் சொல்லிவைத்திருக்கிறது. யயாதி மன்னன் தன் மகன் பூருவின் இளமையைக் கடனாகப் பெற்று ஆயிரம் ஆண்டுகள் விரும்பியவாறெல்லாம் வாழ்ந்தான். கடைசியில் இளமையைத் திருப்பித் தந்தபோது, நெய் வார்த்த நெருப்பாக ஆசை வளர்ந்ததைத் தவிர வேறொன்றையும் அவன் காணவில்லை. ஜம்னாலாலுக்கு ஆயிரம் ஆண்டுகள் கிடைக்கவில்லை.

1941-இல், உடல் தளர்ந்த நிலையில் சிறையிலிருந்து வந்தவர், டேராடூன் அருகே ஸ்ரீ ஆனந்தமயி அன்னையைத் தரிசித்து, அவரைத் தம் தாயாகவே ஏற்றார். பின்னர் காந்தியடிகளின் யோசனைப்படி பசுக்களின் சேவையைத் தம் இறுதிப் பணியாக மேற்கொண்டார். மாளிகைக்கு உரியவர் வார்தாவின் எல்லையில் கோபுரி என்னுமிடத்தில் குடிசையில் தங்கினார். கால்நடைகளின் நோயும் தீவனமும் பாலின் அளவும் அவரது அன்றாட அக்கறைகளாயின. யாக்ஞவல்கியர் ஓட்டிச் சென்ற பசுக்களின் நினைவு இங்கே படிப்பவருக்கு எழாமல் போகாது. சில மாதங்களே கடந்தன. 1942 பிப்ரவரி 11-ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் திடீரெனக் காலமானார்.

அவரது துணைவியார் ஜானகி தேவி, கணவர் கேட்டுக்கொண்டதற்காக இளமையிலேயே பொன்னகைகளையும் முகத்திரையையும் விட்டவர். கணவர் மறைந்த பின் பசுக்களின் பணியை ஏற்றுக்கொண்டார். வினோபா நிலதானம் கேட்டு நடந்த காலத்தில், நிலம் கிடைத்தவருக்குத் தண்ணீர் வேண்டுமே என்று கிணறுகளைத் தானமாகக் கேட்டு ஊர் ஊராகச் சென்றார். 1956-இல் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. செல்வக் குடும்பத்தின் மருமகளாக வார்தாவுக்கு வந்த அந்த அம்மையார், முதிய வயதில் அயலார் வீட்டு வாசலில் நின்று, பெயரறியாத ஓர் உழவனின் வயலுக்காக ஒரு கிணறு கேட்டுக்கொண்டிருந்தார்.