ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்

மனசு சரியில்லாத நாளில், "கொஞ்சம் வெளியே காத்தாட நடந்துட்டு வா" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் 23 பேர். செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறைகளில் 23 பேர். மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது.

மலைக்கும் கடலுக்கும் போக எல்லோருக்கும் வாய்க்காது. சித்திரையில் தெருமுனை வேப்பமரத்தடியில் நின்று பாருங்கள். பொரியைப் போல உதிர்ந்து கிடக்கும் பூ, அதனூடே ஊரும் கட்டெறும்பு, கொழுந்தின் செம்பு நிறம், லேசான தேன்வாசம். துக்கம் அதனால் தீர்ந்துவிடாது. ஆனால் அதையே சுற்றிச் சுற்றி வந்த மனசு கொஞ்சம் இளைப்பாறும். எழுந்திருக்கவே தெம்பில்லாத நாளென்றால், கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.