வலி அடங்கிய பிறகு

வலியைத் தணிக்கக் கொடுக்கும் மருந்தே மூச்சையும் நிறுத்திவிடக்கூடும் என்றால், அதைக் கொடுப்பது அறமாகுமா? கத்தோலிக்க மரபில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், தற்காப்பின்போது தாக்க வந்தவர் இறந்துபோவதைப் பற்றி ஆராய்கையில், ஒரே செயலுக்கு நாடிய விளைவும் நாடாத விளைவும் இருக்கலாம் என்று பிரித்துக் காட்டினார். 1957 பிப்ரவரியில் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், வேறு வழியில்லாதபோது, ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும், வலியைப் போக்க மார்ஃபின் போன்ற மருந்துகளைக் கொடுக்கலாம் என்றார். சாவை நாடவில்லை, வலி தீர்வதையே நாடுகிறோம் என்பது அதன் அடிப்படை. மருத்துவரின் மனத்திலிருந்து பெரும் பாரத்தை இறக்கிய விடை அது. ஆனால் அது பாதியில் நின்றுவிடுகிறது என்றே நான் கருதுகிறேன். மருந்தை ஏற்றும் கணத்தில் மனம் எதை நாடியது என்று மட்டும் அது கேட்கிறது. நோயாளியின் உயிரோ அதற்குப் பின்வரும் மணிநேரங்களில்தான் ஊசலாடுகிறது.

இந்த வாதம் பெரும்பாலும் மரணப் படுக்கையை மனத்தில் வைத்தே பேசப்படுகிறது. அங்கே அச்சம் மிகைப்பட்டது. அளவறிந்து, படிப்படியாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் இறுதிநிலை நோயாளிகளின் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. உண்மையான ஆபத்து, அறுவை முடிந்து நாலு நாளில் வீடு திரும்ப வேண்டியவரின் கட்டிலருகே இருக்கிறது. அதிலும் முதல் 24 மணிநேரத்தில். எந்த வகை ஏற்பிகள் வழியாக மார்ஃபின் வலியை அடக்குகிறதோ, அதே வகை ஏற்பிகள் வழியாகத்தான் மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தையும் தளர்த்துகிறது. வழக்கமாக முதலில் வருவது அசதி. மூச்சு குறைவது அதன் பின்னால். இங்கேதான் சிக்கல். வலியில் புரண்டுகொண்டிருந்தவர் கண்ணயர்ந்தால் வீட்டாரும் செவிலியரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் சுகமான உறக்கமும் மருந்து மிஞ்சிய மயக்கமும் வாசலில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். கருவியை நம்பலாம் என்றால், மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கையில், மூச்சு குறைந்து ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போதும், விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வெகுநேரம் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் அருகே போக வேண்டும். பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பதில் சொல்லும்போதே கண் சொருகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ண வேண்டும். தூங்குபவரை எழுப்புவது இரக்கமற்ற செயலாகத் தோன்றும். முதியவருக்கு, சிறுநீரகம் பழுதானவருக்கு, உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவருக்கு, தூக்க மாத்திரையும் சேர்த்து உட்கொண்டவருக்கு அதுதான் இரக்கம்.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்குத் தெளிவான சான்று, நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்தைப் பெற்றுக்கொள்ளும் பம்ப். அளவுக்கும் இடைவெளிக்கும் அதில் வரம்பு வைத்திருப்பார்கள். அதைவிட முக்கியமான காவல் வேறொன்று: அசதி மிகுந்தவரால் பொத்தானை அழுத்த முடியாது. ஆனால், தூக்கத்தில் முனகும் கணவருக்காக மனைவி அதை அழுத்தினால் அந்தக் காவல் தகர்ந்துவிடும். அப்படி நேர்ந்த மரணங்கள் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன. அழுத்திய விரலில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. நாட்டத்தை மட்டும் எடைபோடும் அறம் அவர்மேல் குற்றமில்லை என்று சொல்லும்; சரிதான். ஆனால் பொத்தானை வேறு யாரும் தொடக்கூடாது என்று அவரிடம் சொல்லாமல் போனவர்களைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லாது. அவர்கள் நாட்டமும் நல்லதுதானே!

நான் சொல்வது இதுதான்: வலிமருந்தைக் கொடுக்கும் உரிமை, கொடுத்தபின் கவனித்திருக்கும் கடமையோடு பிறக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்த அளவுகோலை வைத்தால், எதிரெதிராகத் தோன்றும் இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று புரியும். அமெரிக்காவில் 1990களில் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கருதவேண்டும் என்ற இயக்கம் எழுந்தது. வலியை மதிக்கச் சொன்ன நல்ல எண்ணம், வலி பத்துக்கு எத்தனை என்று நோயாளி சொல்லும் எண்ணைக் குறைக்கும் வேலையாகச் சுருங்கியது. 2012இல் அந்நாட்டின் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷனே, மார்ஃபின் போன்ற மருந்துகளைப் பாதுகாப்பாகக் கையாளும்படி தனி எச்சரிக்கை விடுக்க வேண்டியதாயிற்று. இந்தியாவிலோ, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு உரிமக் கெடுபிடிகளுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. மருந்துக்காகச் சட்டப்படி அபினி விளைவிக்கும் நாட்டில், புற்றுநோயாளிகள் வலியில் துடித்து இறந்தார்கள். 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஓரிடத்தில் எண்ணைப் பார்த்துக் கொடுத்தார்கள். மற்ற இடத்தில் சட்டத்தைப் பார்த்து மறுத்தார்கள். நோயாளியைப் பார்க்கவில்லை.

வலி என்பது வினைப்பயன், அதை அனுபவித்தே தீர்க்க வேண்டும், தீர்க்கப் போய் ஆபத்தை ஏன் வரவழைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வலியே இறைவன் அழைக்கும் வழி என்பவர்களும் உண்டு. சூலைநோயால் சைவத்துக்கு மீண்ட திருநாவுக்கரசரை அவர்கள் சுட்டுவார்கள். ஆனால் அவர் திருவதிகையில் பாடியது நோயைப் போற்றி அல்ல, அதைத் தீர்த்தருளும்படிதான். தமக்கையார் திலகவதியாரும் வினையென்று விலகி நிற்காமல் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். துன்பத்துக்கு என்ன பொருள் என்று கண்டுகொள்வது துன்பப்படுபவரின் உரிமை. மருந்தைக் கையில் வைத்திருப்பவர் அதை அவருக்காகத் தீர்மானிக்க முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு நடைமுறையிலிருந்து வருகிறது. இரவுப் பணியில் ஒரு பெரிய வார்டையே தனியாகப் பார்க்கும் செவிலியர் எத்தனை பேரின் மூச்சை எண்ணுவார்? செய்ய இயலாததைக் கடமை என்று ஒருவர்மேல் சுமத்துவது அநியாயம். ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே அந்தக் கடமை அவர் தனியாகச் சுமக்க வேண்டியது அல்ல, மருந்தை வார்டுக்குள் அனுமதிக்கும் நிர்வாகம் சுமக்க வேண்டியது என்கிறேன். எல்லோரையும் ஒரே அளவில் கண்காணிக்க வேண்டியதில்லை. ஆபத்து மிகுந்தவர்களை முன்கூட்டியே இனங்கண்டு, செவிலியரின் கண்ணுக்கெட்டும் கட்டிலில் படுக்க வைக்கலாம். பாராசிட்டமால், நரம்புத்தடை ஊசி போன்றவற்றைச் சேர்த்து மார்ஃபின் தேவையைக் குறைக்கலாம். மார்ஃபினின் விளைவை முறிக்கும் நலோக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதன் வேகம் சீக்கிரம் தணிந்து மூச்சு மறுபடி தளரக்கூடும் என்பதால், அதைக் கொடுத்தபின்னும் பக்கத்தில் ஆள் வேண்டும். நோயாளி அசந்து கிடக்கும்போது அடுத்த டோஸை நிறுத்திவைத்துவிட்டு மருத்துவரை அழைக்கும் அதிகாரம் அந்தச் செவிலியருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். அழைத்ததற்காக அவர் திட்டு வாங்கக்கூடாது.