ஓதற்பிரிவும் ஒழுக்கமும்

கல்வியின் பொருட்டு ஊரையும் உற்றாரையும் நீங்கியிருத்தலைப் பழந்தமிழ் இலக்கண மரபு ஓதற்பிரிவு என்று வழங்குகிறது. தலைவன் பிரிவதற்குரிய காரணங்களுள் பகை, தூது ஆகியவற்றோடு ஓதலையும் சேர்த்த தொல்காப்பியம், அப்பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாது என்று கற்பியலில் எல்லையும் வகுக்கிறது. கல்வி பிரிவை வேண்டுவது என்றும், பிரிவு வரம்பின்றி நீளத் தகாதது என்றும் ஒருங்கே கொள்ளும் இவ்விதி ஒரு மெய்யியல் வினாவுக்கு இடம் தருகிறது. அயலிடத்தில் கற்பவனின் சமய ஒழுக்கம், அவன் நீங்கி வந்த மண்ணைப் பற்றி நிற்கிறதா, அவன் நாள்தோறும் செய்யும் செயலைப் பற்றி நிற்கிறதா?

போதாயன தருமசூத்திரம் கடற்பயணத்தைப் பதனீயம், அதாவது ஒருவனைத் தன் நிலையினின்று வீழ்த்தும் குற்றம், என்று கொண்டதால், தூய்மை இடத்தைச் சார்ந்தது என்னும் விடையின் பக்கம் நிற்கிறது. கற்றவனுக்கு எந்நாடும் தன் நாடே என்று கருதும் திருக்குறளின் கல்வி அதிகாரம் இதற்கு மறுதலையானது. இவற்றுள் எது பொருந்தும் என்று காண, மாணவனின் ஒரு நாள் எதனால் நடந்தது என்று ஆராய்வது பயன் தரும்.

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்து வேதக் கல்லூரியைப் பற்றிய கல்வெட்டு 340 மாணவர்களையும் 14 ஆசிரியர்களையும் குறிக்கிறது. வேதம், ரூபாவதாரம் என்னும் இலக்கண நூல் முதலியவற்றைப் பயின்ற இளநிலையினர் 270 பேருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், வியாகரணமும் பிரபாகர மீமாம்சையும் வேதாந்தமும் பயின்ற 70 பேருக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது 10 நாழி நெல்லும் அளக்கப்பட்டன. திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டோ மாணவர்க்கு விளக்கெரிப்பதற்குரிய எண்ணெயையும், சனிக்கிழமைதோறும் தலை முழுகுதற்குரிய எண்ணெயையும்கூட விடாமல் எழுதிவைத்தது. அந்தணர்க்கே உரியதாயிருந்த இக்கல்வியில் மாணவனின் ஒழுக்கத்தை நிலமும் நெல்லும் சபையும் தாங்கின. அவன் அதைத் தேர்ந்துகொள்ள வேண்டிய நிலையே எழவில்லை.

நாடு கடந்து வந்த மாணவனிடத்தில் இந்நிலை மாறுகிறது. 671இல் சீனத்திலிருந்து கப்பலேறிய பௌத்தத் துறவி இத்சிங், சுமத்திராவின் ஸ்ரீவிசயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் கற்றபின், நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பயின்றார். காலையில் நீராடும் வேளையை அறிவிக்கும் மணியையும், பொழுதை அளக்கும் நீர்க்கடிகையையும், துறவியர் தொகை 3,000த்தைக் கடந்ததால் ஓரிடத்தில் கூட இயலாமல், ஓதுபவர் ஒருவர் மாலைதோறும் இடம் இடமாகச் சென்று துதி பாடியதையும் அவர் பதிவு செய்துள்ளார். அங்குக் கண்டதைத் தம் நாட்டு மடங்களின் நடைமுறையோடு ஒப்பிட்டு, பிந்தியவற்றுள் பல விநயத்திற்கு, அதாவது துறவியர்க்குரிய நெறிக்கு, மாறானவை என்றும் அவர் எழுதினார். ஊரிலிருந்தவரை நெறியாகவே தோன்றியவற்றுள் வெறும் வழக்கம் எது என்று பிரித்தறிய அவருக்குப் பிரிவே துணைசெய்தது.

எண்ணாயிரம்போல் தாங்கும் நிறுவனமோ, நாளந்தாவைப்போல் தன் சமயத்தார் கூட்டமோ இல்லாத மாணவனுக்குக் கணித மேதை சீனிவாச இராமானுசன் சான்றாவார். கடல் கடத்தலைத் தவிர்த்த வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1914 மார்ச்சில் கப்பலேறிய அவர், கேம்பிரிட்ஜில் தம் அறையில் தாமே சமைத்து, போர்க்காலத் தட்டுப்பாட்டிலும் மரக்கறி உணவையே உண்டார். சமயங்கள் யாவும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்மையானவையாகத் தமக்குத் தோன்றுவதாக அவர் கூறியதை நினைவுகூர்ந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, அவருடைய சமயம் அறிவின் உடன்பாடன்று, கடைப்பிடிப்பே என்று முடிவு செய்தார். எனினும், பார்ப்பவரோ கேட்பவரோ இல்லாத இடத்தில் ஒருவர் நாள்தோறும் தாமே மேற்கொள்ளும் கடைப்பிடிப்பை உடன்பாட்டிற்குக் குறைந்ததாகக் கொள்வது எளிதன்று; பலரும் செய்வதால் தானும் செய்வது வழக்கமாகவும், யாரும் செய்யாதபோதும் தான் செய்வது ஒழுக்கமாகவும் இங்கே பிரிந்து நிற்கின்றன.

இப்பிரிவை இன்றும் காணலாம். விழுப்புரம் மாவட்டத்துக் கோலியனூரில் இருப்பவர்க்குப் புத்துவாயம்மனின் ஆடித் திருவிழா அழைக்காமலே வந்து சேரும். அங்கிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்பிற்குச் செல்பவரோ ஆடி வெள்ளி எது என்பதை நாட்காட்டியில் தேடி அறிய வேண்டும். தேடுதலால் அந்நாள் அவருடையதாகிறது. தேடாமல் விடுவாராயின், ஊரில் அவரைத் தாங்கியது ஊரின் வழக்கமே என்பது தெளிவாகும்.

அவ்வாறாயின் மூன்றாண்டு எல்லை எதற்கு என்னும் வினா எஞ்சுகிறது. தொல்காப்பியம் அதைத் தூய்மை, கழுவாய் பற்றிய விதியாக வைக்காமல், மனையறத்தைக் கூறும் கற்பியலில் வைத்தது. மனைவியைக் கும்பகோணத்தில் விட்டுச் சென்ற இராமானுசன் ஐந்தாண்டு கழித்து நோயோடு திரும்பி, 1920இல் மறைந்தார். கற்பவனின் ஒழுக்கம் அவனோடு கடல் கடக்க வல்லது. காத்திருப்பவரின் காலமோ ஊரிலேயே கழிகிறது என்பதால், அவ்வெல்லை வகுக்கப்பட்டது அவர்பொருட்டே என்று கொள்வது பொருந்தும்.