பூசணம் பிடித்த தானம்

இலங்கையின் கித்துல்கலவில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஈர வலயம் அது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் லயத்துச் சுவரே ஈரம் கசியும். குருவிக்கென்று மூலையில் சாக்கோடு வைத்த குருணை அரிசி, சில வாரத்தில் கட்டிபட்டு, வண்டு விழுந்து, பச்சையாய்ப் பூசணம் பூத்துவிடும். 'நமக்கு ஆகாது, காக்காய்க்குப் போடு' என்று அதை முற்றத்தில் கொட்டுகிறோம். அமாவாசையன்று காகத்துக்குச் சோறு வைத்த பிறகே இலைமுன் உட்காரும் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. அமாவாசைச் சோறு தர்மம் என்றால் இப்படிக் கொட்டுவது என்ன? வீட்டுக் குப்பையை அப்புறப்படுத்தும் வேலை என்றே சொல்வேன். தானியத்தைக் கெடாமல் காப்பதும் தானத்தில் பாதி.

இது புதுக் கருத்தல்ல. கடோபநிடதக் கதையே இங்கிருந்துதான் கிளம்புகிறது: வேள்வி செய்த தந்தை பால் வற்றிய கிழப்பசுக்களைத் தானமாக ஓட்டிவிட, அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் நசிகேதன் வாய் திறக்கிறான். அக்கம்பக்கத்து விகாரைகளின் பாளி மரபும் இதில் கறார்தான். எறிய வேண்டியதைக் கொடுப்பதை அங்குத்தர நிகாயம் நல்லவரல்லாதார் தானத்தில் சேர்க்கிறது.

மனம் நல்லதாயிருந்தால் போதாதா என்று கேட்கலாம். வினைக்கு வேர் எண்ணமே என்று சொன்னவரும் புத்தர்தானே. தெரியாமல் இட்டவருக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் மக்கல் வாடை மூக்கில் ஏறிய பிறகும் அள்ளி வீசினால், அந்த வாடையும் எண்ணத்தில் சேர்ந்துவிடுகிறது. பறவைக்குத் தெரியாததா, ஆகாததை ஒதுக்கிவிடும் என்பது அடுத்த சமாதானம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து போன கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை கக்கிய அஃப்லாடொக்சின் என்ற ஈரல் நஞ்சே காரணம். அடைபட்டவற்றுக்கு வேறு தீனி இல்லைதான். ஆனாலும் அவை அதைத் தின்றனவே. எல்லாப் பூசணமும் இந்த நஞ்சைச் சுரப்பதில்லை. எது சுரக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வேகவைத்தாலும் அது முழுதாய்ப் போகாது.

கனமான ஆட்சேபம் வேறொன்று. நாட்சம்பளத்தில் வாழ்கிறவரிடம் குருவிக்கு நல்ல தானியம் கேட்பது நியாயமா? நியாயமில்லை. அதிகம் கொடு என்று எந்தச் சாத்திரமும் அவரைக் கேட்கவில்லை. ஒரு பிடி போதும். அந்த ஒரு பிடியைக் காக்கப் பெரிய செலவும் இல்லை. வெயில் தலைகாட்டும் நாளில் குருணையைப் பாயில் பரப்பிக் காயவைத்து, சூடு முற்றாக ஆறிய பிறகே இறுக்கமான மூடியுள்ள பால்மாத் தகரத்தில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, அதுவே பூசணத்துக்கு வழி. தகரத்தைச் சிமெந்துத் தரையில் வைக்காமல் அடுப்படிப் பரணில் ஏற்றிவிடலாம். பழையது தீர்ந்து, தகரத்தைத் துடைத்துக் காயவைத்த பின்தான் புதியதைப் போடுவது. பூசணம் கண்டுவிட்டால் கோழிக்கும் வேண்டாம், குழி தோண்டி மூடிவிடலாம்.

இதற்கும் வசதியில்லாத மழை மாதத்தில் என்ன செய்வது? இல்லறத்தாரின் அன்றாடக் கடமையான பூத யக்ஞம் சேமிப்பையே கேட்பதில்லை. வீட்டார் உண்ணுமுன், அன்று சமைத்ததில் ஒரு பங்கை மற்ற உயிர்களுக்கு எடுத்துவைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். காலைச் சோற்றுப் பானையிலிருந்து ஒரு கவளம் எடுத்தால், மாலைக்குள் காகம் தின்று முடித்துவிடும்.